நாலாவது போர்ட்டு மேல்மாடிக்கு

எங்கள் வீட்டு ரௌட்டருக்கு நெற்றி என்று ஒன்று கிடையாது. அப்படியும் ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் என் கணவர் விட்டதில்லை. ட்ரில், ஏணி, வாசலில் நிற்கும் காடி, மிக்சி, தோட்டத்துக் கத்தரி என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றுக்கும் வைப்பார். ஒரு வருடம் என் மூக்குக் கண்ணாடிக்கும் வைத்துவிட்டார். நீயும் இதை வைத்துத்தானே ஆபீசில் வேலை பார்க்கிறாய் என்று விளக்கம் வேறு. எவ்வளவு துடைத்தும் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது. ஃபார்வர்டிங் ஆபீசில் கப்பல் கண்டெய்னர் காகிதங்களைப் பார்க்கும் வேலை எனக்கு. அந்த வாரம் எல்லாக் கப்பல்களும் மங்களகரமாகவே தெரிந்தன.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்வேன். ஆனால் ரௌட்டருக்கு வைத்த பொட்டு ஒரு தடவை எங்களை ஆட்டி வைத்துவிட்டது.

ஜெலுத்தோங் பக்கம் இரட்டை மாடி வரிசை வீடு எங்களுடையது. கீழே நானும் கணவரும். மேலே என் கொழுந்தனும் அவன் மனைவியும், அதாவது என் ஓரகத்தியும். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் பள்ளிச் சீருடையில் இருந்தான். இப்போது கடல் பாலத்துக்கு அக்கரையில், பிறை ஊரில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். எங்கள் ஒரே மகள் கோலாலம்பூரில் படிக்கப் போனபிறகு, வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை என்றால் ஓரகத்திதான். காலையில் மேல் படியில் அவளும் கீழ்ப் படியில் நானும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், என் கணவர் வேலைக்குப் போக வழி கேட்டு நிற்க வேண்டும். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று நாடகங்களில் காட்டுகிறார்கள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். சொல்ல என்ன வெட்கம்?

அவள் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, மேலே பின்னறையில் சேலையும் பஞ்சாபி சூட்டும் வாங்கி அடுக்கி, கைப்பேசியில் லைவ் போட்டு விற்க ஆரம்பித்தாள். கோயிலில் ஐயரிடம் அர்ச்சனைக்குப் பெயர் சொல்லவே தயங்கும் பெண் அது. கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி விளக்கைப் போட்டால் போதும், வேறு ஆளாகிவிடுவாள். "அக்காமார்களே, இந்த பார்டரைப் பாருங்க, இதைக் கட்டிட்டுப் போனா மாமியாருக்கே பொறாமை வரும்" என்று அவள் மேலே முழங்குவது, கீழே சமையலறையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். எனக்கே ஒன்று வாங்கிவிடலாம் போலிருக்கும்.

ஆனால் இன்டர்நெட் லைன்தான் வஞ்சம் செய்தது. நல்ல கூட்டம் சேர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் படம் உறைந்துவிடும். "அக்கா ஃப்ரீஸ் ஆயிட்டீங்க" என்று பார்ப்பவர்கள் எழுதுவார்கள். கொஞ்ச நேரம் பொறுப்பார்கள், பிறகு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் அவள் வாயைப் பிளந்தபடி, ஒரு கண் மூடி ஒரு கண் திறந்தபடி உறைந்துவிட்டாள். யாரோ அதைப் படம் பிடித்து அனுப்பி, அது ஊர் சுற்றி அவள் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அன்று படியில் உட்கார்ந்து அழுதாள். மறுநாள் சமையலறைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. தீபாவளி முடிஞ்சதும் நாங்க அக்கரையில செபராங் ஜெயா பக்கம் போயிடலாம்னு பார்க்கிறோம்."

"ஏன்லா, என்ன ஆச்சு?"

"இவருக்குத் தினம் பாலத்துல ஜேம், வண்டி நகரவே மாட்டேங்குது. எங்கம்மா வீடும் கெப்பாலா பத்தாஸ்ல, அங்கேருந்து கிட்ட. பார்த்த வீட்டுல தனி லைன் இருக்கு கா. இங்க லைவ் போட்டா தெருக்கா இருக்கு, அவ்வளவு மோசம். இந்தத் தீபாவளியும் இப்படியே போனா, நான் கடையை மூடிட்டு மறுபடியும் ஷிஃப்டுக்குத்தான் போகணும்."

அடுப்பில் இருந்த சாம்பாரை வேண்டாத அளவுக்குக் கிண்டினேன். அவள் சொன்ன காரணங்கள் எல்லாமே நியாயம்தான். ஆனால் பாலத்து ஜேமும் கெப்பாலா பத்தாஸும் இன்று நேற்று வந்தவையா? இத்தனை வருடமாக இரண்டும் அங்கேயேதான் இருந்தன, அவளும் இங்கேயேதான் இருந்தாள். புதிதாக வந்த காரணம் லைன் ஒன்றுதான். பாலத்தை என்னால் அகலப்படுத்த முடியாது. லைனை ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றியது.

மேல்மாடிக்கு இன்னொரு லைன் கேட்டுப் பார்த்தோம். எங்கள் வரிசைக்கான கம்பத்துப் பெட்டியில் இடமில்லை, காலியானதும் கூப்பிடுகிறோம் என்றார்கள். தீபாவளி அதுவரை காத்திருக்காது. ஆகவே இருக்கிற ஒரே லைனை யார் தின்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் திருடன் அகப்பட்டான். என் கணவரின் கேமராக்கள்.

அதற்கு ஒரு கதை உண்டு. வாசலில் கழற்றி வைத்த அவருடைய சிலிப்பர் ஜெப்புன் ஒருநாள் காணாமல் போனது. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. எந்த நாய் கவ்விக்கொண்டு போனதோ. மறுநாளே வீட்டைச் சுற்றிக் கேமரா மாட்டிவிட்டார். அவர் ஹோட்டலில் பராமரிப்பு வேலை செய்பவர். கம்பி, குழாய், ஆணி என்றால் யாரையும் கிட்டே விடமாட்டார். அந்தக் கேமராக்கள் எங்கள் காலி வாசலை இரவும் பகலும் படம் பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தன. ஓரகத்தியின் லைவும் அதே வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நிறுத்தச் சொன்னால், "அப்போ வீட்டுக்குப் பாதுகாப்பு?" என்றார். செருப்புக்குப் பாதுகாப்பு என்று சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன்.

ஆபீசில் ஒரு பெண் சொன்ன பிறகுதான் ரௌட்டருக்கு உள்ளே செட்டிங்ஸ் பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கணினியில் தட்டினால் அது திறக்கும். ஆளில்லாத ஊர் போல எங்கு பார்த்தாலும் பெயர்ப்பலகைகள். அதில் ஒன்று, இன்டர்ஃபேஸ் குரூப்பிங். காணொளிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ரௌட்டரின் பின்னால் நான்கு மஞ்சள் ஓட்டைகள் இருக்கின்றன, போர்ட்டுகள். சாதாரணமாக நான்கும் வீட்டு வைஃபையும் ஒரே கூட்டம்; எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு ஒரே வாசல் வழியாக வெளியே போவார்கள். நாம் விரும்பினால் அவற்றைக் குழுக்களாகப் பிரிக்கலாம். ஒரு குழுவை முன்னால் போகவிட்டு இன்னொன்றைக் காத்திருக்கச் சொல்லலாம். பிரித்துவிட்டால் ஒரு குழுவில் இருக்கும் கருவி இன்னொரு குழுவின் கண்ணுக்குத் தெரியாது.

மேல்மாடிக்கு ஏற்கெனவே ஒரு கேபிள் போகிறது. அங்கே அவர்களுக்கென்று ஒரு சின்ன வைஃபை பெட்டி. அந்தக் கேபிளை நாலாவது போர்ட்டில் செருகி, அந்தப் போர்ட்டை மட்டும் தனிக் குழுவாக்கி, அதற்கு முதல் மரியாதை கொடுத்துவிட்டால் போதும். கேமராக்களின் பெட்டி முதல் போர்ட்டில், பழைய கூட்டத்திலேயே கிடக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். கணினியை ஒரு கேபிளால் ரௌட்டரோடு இணைத்தேன். புதுக் குழுவுக்குத் தமிழில் பெயர் எழுதினேன். அந்தப் பக்கத்துக்குத் தமிழ் தெரியவில்லை. சரி போ என்று மேலே என்பதற்கு மலாயில் அத்தாஸ் என்று வைத்தேன். நாலாவது போர்ட்டை அதற்குள் நகர்த்தினேன். 'அப்ளை'யை அழுத்தினேன். பக்கம் செத்துவிட்டது. எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் உறைத்தது. என் கணினியைச் செருகியிருந்ததே நாலாவது போர்ட்டில்தான். என்னை நானே பழைய கூட்டத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டு, கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் பின்னால் நின்று, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரௌட்டரின் முதுகில் ஊசித்துளை போல ஒன்று இருக்கும், அதைக் குத்திப் பிடித்தால் எல்லாம் பிறந்த மேனிக்குத் திரும்பிவிடும். என் தாலிச் சங்கிலியில் எப்போதும் ஓர் ஊக்கு தொங்கும். அதை எடுத்துக் குத்தினேன். கம்பெனி கொடுத்த பெயரும் கடவுச்சொல்லும் கைப்பேசியில் படமாக இருந்ததால் பிழைத்தோம். பேசாமல் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றிச் செருகியிருந்தாலே போதும், குத்தியிருக்கவே வேண்டாம் என்று ஆபீஸ் பெண் மறுநாள் சொன்னாள். அதை வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது முறை கணினியை மூன்றாவது போர்ட்டில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தேன். மேல்மாடிக் கேபிளில் 'மேல்' என்று ஒரு தாள் துண்டை ஒட்டி, நாலாவது போர்ட்டில் செருகினேன். அன்று மாலை ஓரகத்தி சோதனைக்காக ஒரு லைவ் போட்டாள். நான் கீழே இருந்து பார்த்தேன். அவள் சேலையை விசிறும்போது மடிப்பு மடிப்பாக விழுவது வரை தெரிந்தது. ஒருமுறைகூட உறையவில்லை. முடிந்ததும் தடதடவென்று படியிறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தபோதுகூட இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

ஒரே ஒரு குறை. வீடு இரண்டாகிவிட்டது. கொழுந்தனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. அண்ணன் கீழே கூடத்து டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேலே படுத்தபடியே தன் கைப்பேசியிலிருந்து டிவிக்கு ஏதாவது குத்துப்பாட்டை அனுப்பிவிடுவான். பந்து வலைக்குள் போகும் நேரத்தில் நான்கு பேர் ஆடுவார்கள். என் கணவர் கூரையைப் பார்த்துக் கத்துவார். மேலேயிருந்து சிரிப்பு வரும். குழு பிரித்த நாளிலிருந்து கொழுந்தனின் கைப்பேசிக்குக் கூடத்து டிவி தெரியவில்லை. "இனி நிம்மதி" என்றார் என் கணவர். ஆனால் ஆட்டத்தின் நடுவில் அவர் அடிக்கடி கூரையைப் பார்ப்பதை நான் கவனித்தேன். ஓரகத்திக்குப் பிரிண்டரும் காணாமல் போயிற்று. பார்சலில் ஒட்டும் முகவரிகளை எனக்கு அனுப்புவாள், நான் அச்செடுத்துப் படியில் வைப்பேன். அவர்களைப் பிரியக்கூடாது என்றுதான் இதைச் செய்தேன். செய்து முடித்துப் பார்த்தால், ஒரே கூரைக்குக் கீழே நானே தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

செபராங் ஜெயா பேச்சும் நின்றபாடில்லை. "ஒரு சின்ன லைவ் நல்லா போனா போதுமா அண்ணி?" என்றான் கொழுந்தன். "ஆயுத பூஜைக்கு மறுநாள் சனிக்கிழமை அவ தீபாவளிப் பெரிய லைவ் போடுறா. அது எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு, ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுக்காரருக்கு ஒரு பதில் சொல்லணும்." நான் சரி என்றேன். அந்த வாரம் முழுக்க, கடவுளே சனிக்கிழமை மட்டும் சொதப்பாமல் பார்த்துக்கொள் என்பதுதான் என் பிரார்த்தனை.

வெள்ளிக்கிழமை பூஜை. என் கணவர் காலையிலேயே ஈரத்துணியும் வாளியுமாக இறங்கிவிட்டார். நான் சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், ரௌட்டர் பூஜை அறையில் வாழையிலை மேல் உட்கார்ந்திருந்தது. கேபிள்களை எல்லாம் பிடுங்கி, பளபளவென்று துடைத்து, ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் வரிசையாகச் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். பக்கத்தில் ஓரகத்தியின் கைப்பேசி, அதற்கும் ஒரு பொட்டு.

"இதையுமா?" என்றேன்.

"இந்த வருஷம் நம்ம வீட்ல அதிகமா உழைச்சது அதுதான். ஒருநாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

அந்த நாள் நன்றாகத்தான் இருந்தது. யாருடைய கையிலும் ஒன்றுமில்லை. நால்வரும் கூடத்தில் உட்கார்ந்து பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டு கேரம் ஆடினோம். கொழுந்தன் கள்ளாட்டம் ஆடினான். அண்ணன் போர்டைக் கவிழ்த்தார். மேல், கீழ் என்ற பேச்சே இல்லை. ஓரகத்தி சிரித்துச் சிரித்து என் மடியில் சாய்ந்தாள். அடுத்த வருடம் இந்த இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து எப்படிக் கேரம் ஆடுவது என்று ஒரு கணம் நினைத்தேன். பொரி சிக்கிக்கொண்டது என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

சனிக்கிழமை காலை நான் பசாருக்குப் போய் மீன் வாங்கி வருவதற்குள் என் கணவர் எல்லாவற்றையும் பழைய இடத்தில் மாட்டிவிட்டார். ரௌட்டர் பொட்டும் பூவுமாகத் தன் பலகையில் இருந்தது. எல்லா விளக்கும் பச்சை. நானும் நம்பினேன்.

மாலை ஐந்து மணிக்கு லைவ். ஓரகத்தி தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தேன். ஆரம்பம் சரியாக இருந்தது. கூட்டம் சேர ஆரம்பித்தது. முதல் சேலையை எடுத்து விரித்தாள். பாதி விரிந்த நிலையில் உறைந்தாள். கொஞ்சம் நகர்ந்தாள். மறுபடி உறைந்தாள். "அக்கா ஃப்ரீஸ்", "ஹலோ, கேட்கலை லா", "அப்புறம் வர்றேன் கா" என்று வரிசையாக விழுந்தது. முன்பைவிட மோசமாக இருந்தது. நான் செய்த குழு என்ன ஆயிற்று? பதறிப்போய்க் கணினியைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தேன். அத்தாஸ் குழு அப்படியே இருந்தது. நாலாவது போர்ட் அதற்குள்தான் இருந்தது. முதல் மரியாதையும் அதற்குத்தான். எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் சரியாக இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் மேல் படியிலிருந்து எட்டிப் பார்த்தான். மனைவியின் லைவ் நிற்கிற கவலை ஒரு பக்கம், இன்னொரு பக்கம் முகத்தில் ஓர் ஆச்சரியம்.

"அண்ணி, இங்க அவ லைன் விட்டு விட்டுப் போகுது. ஆனா ஒண்ணு, என் போன்ல நம்ம ஹால் டிவி வந்துருக்கு! பிரிண்டரும் வந்துருச்சு!"

ஒரு கணம்தான். பிறகு எனக்குப் பளிச்சென்று புரிந்தது. கூடத்து டிவி அவனுக்குத் தெரிகிறது என்றால், மேல்மாடிக் கேபிள் கீழ்க் கூட்டத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் நாலாவது போர்ட்டில் ராஜ மரியாதையோடு உட்கார்ந்திருப்பது யார்?

ரௌட்டரைத் திருப்பினேன். போர்ட்டுகளின் எண்கள் எதுவும் தெரியவில்லை. ஒவ்வோர் எண்ணின் மேலும் சந்தனம் காய்ந்து, குங்குமத்தோடு கெட்டியாக இருந்தது. நான் கேபிளில் ஒட்டிய தாள் துண்டும் இல்லை.

"என்னங்க, மேல் கேபிளை எதுல மாட்டுனீங்க?"

ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார். "எல்லா மஞ்சள் ஓட்டையும் ஒண்ணுதானே. லைட் எரியுது பாரு."

"நான் ஒட்டி வச்ச சீட்டு?"

"அழுக்கா இருந்துச்சு. தொடச்சேன், வந்துடுச்சு."

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் நான்கு என்ற எண் தெரிந்தது. அதில் செருகியிருந்தது கேமராப் பெட்டியின் கேபிள். எங்கள் காலி வாசல் முதல் மரியாதையோடு உலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பட்டுச்சேலை வரிசையில் நின்றது. நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. அவரும் திருப்பித் திட்டவில்லை, முகம் சுருங்கிவிட்டது. "இப்பவே மாத்திடு" என்றார்.

மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் கேபிளைப் பிடுங்கினால் மேலே லைவ் முழுசாக நின்றுவிடும். மேல்மாடியின் அந்தச் சின்னப் பெட்டி, கேபிள் போய் வந்தால் கண்விழிக்கச் சில நிமிடம் எடுக்கும். இருக்கிற கொஞ்சக் கூட்டமும் கலைந்துபோகும். வீட்டுக்குள் கைப்பேசியின் சொந்த சிக்னலோ எப்போதும் படுமோசம். அது நன்றாகக் கிடைக்கும் ஒரே இடம் வாசல். அங்கே மோட்டார் சத்தம், நாய் சத்தம். தினமும் அங்கே கடை போட முடியாது. சில நிமிடம் போட்டால் என்ன?

படியடியில் நின்று கத்தினேன். "போனைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வா! வைஃபையை ஆஃப் பண்ணிட்டு வா! சேலையையும் அள்ளிக்கிட்டு வா!"

என் குரல் லைவில் போயிருக்கிறது. பிறகு பலர் சொன்னார்கள். அவள் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்காமார்களே, எங்கக்கா கூப்பிடுறாங்க, வாங்க எல்லாரும் கீழ போவோம்" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் ஒரு குவியல் சேலையுமாகப் படியிறங்கி வந்தாள். பின்னாலேயே கொழுந்தன் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் கண்ணில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் ரௌட்டரிடம் ஓடினேன்.

வாசலில் படம் தெளிவாக வந்துவிட்டது. ஆனால் சேலையைப் போர்த்திக் காட்டும் பொம்மை மேலேயே இருந்தது. ஓரகத்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். பாலிஷ் துணியும் கையுமாக, குற்றவாளி போல என் கணவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் பச்சைப் பட்டைத் தூக்கிப் போட்டாள்.

"அசையாதீங்க மாமா."

வேறு நாளாக இருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பார். அன்று கம்பம் மாதிரி நின்றார். முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள், பிடித்துக்கொண்டார். சரியாக அந்த நேரம் ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு மோட்டாரில் வந்தவர், இவர் கோலத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தியேவிட்டார். "சந்தேக் அங்காட்!" என்று சிரித்தார்; ரொம்ப அழகாம். கைப்பேசியில் சிரிப்புப் படங்கள் மழையாகக் கொட்டின. "அண்ணே கட்டியிருக்கிற பச்சை எனக்கு!" "அண்ணேவுக்கு மஞ்சள் போட்டுப் பாருங்க!" போனவர்கள் வேறு ஆட்களையும் அழைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

உள்ளே நான் இரண்டு கேபிளையும் பிடுங்கி இடம் மாற்றினேன். நாலாவது போர்ட்டில் மேல்மாடிக் கேபிள் 'டிக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. மேலே ஓடிப்போய் அந்தப் பெட்டியில் விளக்கு பச்சையாகும் வரை அதையே முறைத்துக்கொண்டு நின்றேன். ஆனதும் வாசலுக்கு ஓடிவந்து, போகலாம் என்று கை காட்டினேன். கையெல்லாம் குங்குமம். யாரோ, "அக்கா கையில என்ன ரத்தமா?" என்று எழுதினார்கள். ஓரகத்தி நடந்ததைச் சொன்னாள், ரௌட்டருக்குப் பொட்டு வைத்த கதையை. அவர்கள் நம்பவில்லை. கைப்பேசியை உள்ளே கொண்டுபோய் ரௌட்டரைக் காட்டினாள். "எங்க வீட்லயும் வச்சோம்!" "எங்கப்பா மோடத்துக்கு மாலையே போட்டாரு!" என்று வந்துகொண்டே இருந்தது. என் கணவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

பிறகு அவள் மேலே போனாள். இருட்டும் வரை விற்றாள். ஒருமுறைகூட உறையவில்லை. நான் கீழே மீன் குழம்பைக் கொதிக்கவிட்டு, அவள் குரலைக் கேட்டுக்கொண்டே காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கொழுந்தன் இறங்கி வந்தான். "அண்ணி, டிவி மறுபடியும் காணோம்."

"நல்லதாப் போச்சு. கீழ வந்து உட்கார்ந்து பாரு தம்பி."

உட்கார்ந்தான். அண்ணன் ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. செபராங் ஜெயா வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள். வியாபாரம் நன்றாக ஓடியதே, அதுவே போதுமா? பாலத்து ஜேம் அப்படியேதான் இருக்கிறது. கெப்பாலா பத்தாஸ் அம்மாவும் அப்படியேதான். நான் கேட்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். காப்பி போட்டேன். கீழ்ப் படியில் உட்காரவில்லை, சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மழையில் நனைந்தாலும் உரியாத பார்சல் ஸ்டிக்கர் கட்டோடு ஓரகத்தி இறங்கி வந்தாள். கைப்பேசியைக் கீழ் வைஃபைக்கு மாற்றி, பிரிண்டரில் ஒன்றே ஒன்று அச்செடுத்தாள். நேராக ரௌட்டரிடம் போனாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். 'மேல்மாடி. நாலாவது போர்ட்டு. மாமா, மாத்தாதீங்க' என்று இருந்தது. அதைக் கேபிளைச் சுற்றி ஒட்டி, விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"இது ஈரத்துணி போட்டுத் தொடச்சாலும் வராது கா" என்றாள். "அடுத்த வருஷமும் மாமா எல்லாத்தையும் கழட்டிப் பொட்டு வைப்பாருல்ல. அப்போ நான் மறுபடியும் வாசல்ல நிக்க முடியாது."

வெங்காயம் தீர்ந்துவிட்டது என்பது போலத்தான் சொன்னாள். அடுத்த வருஷம் என்று சொன்னதை அவள் கவனித்தாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரௌட்டரைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க? கோணலா ஒட்டிட்டேனா?"

"இல்லடி, நேராத்தான் இருக்கு" என்றேன்.

நன்றாகக் கோணலாகத்தான் இருந்தது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.